பாசறையை யார் பெயர்ப்பது, செலவு யார் கணக்கில்? ஹாங்காங் ராணுவ நிலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாங்காங் பிரிட்டிஷ் காலனியாக இருந்த காலம் முழுக்க அங்கே ஓயாத ஒரு தகராறு உண்டு. ஊருக்கு நடுவே ராணுவம் வைத்திருந்த கப்பல் தளம், பாசறை, விமான ஓடுதளம் ஆகியவற்றை நகர்த்த வேண்டும் என்று காலனி அரசு கேட்கும். ராணுவம் மாட்டேன் என்று சொல்லாது. "யார் செலவில்?" என்று கேட்கும். இந்தத் தகராறைப் பற்றி எனக்கு அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எந்த இடத்தைப் பற்றிய தகராறு இது?

முக்கியமாக, இன்றைக்கு அட்மிரால்டி என்று சொல்லும் பகுதி. ஹாங்காங் தீவின் வடகரையில் சென்ட்ரலுக்கும் வான் சாய்க்கும் நடுவே இருக்கிறது. இப்போது அங்கே வணிக வளாகம், உயர் நீதிமன்றம், அரசுத் தலைமைச் செயலகம், நான்கு ரயில் பாதைகள் சந்திக்கும் நிலையம் எல்லாம் உண்டு. ஆனால் நூறு வருடத்துக்கும் மேலாக அந்த இடம் படைகளின் கையில் இருந்தது. மலைச்சரிவில் தரைப்படையின் விக்டோரியா, வெலிங்டன், மரே பாசறைகள். கடலோரம் கடற்படையின் டாக்யார்டு, அதாவது கப்பல் பழுதுபார்க்கும் தளம். நகரத்தின் மேற்குப் பாதியும் கிழக்குப் பாதியும் ஒன்றோடொன்று சேர முடியாதபடி நடுவில் ஒரு சுவர் எழுப்பியது போல.

இது தவிர தீவுக்கு எதிர்க்கரையான கௌலூன் பக்கத்தில் விட்ஃபீல்டு பாசறை, காய் டாக் விமான நிலையம் ஆகியவற்றிலும் இதே பேச்சுதான்.

நடு ஊரில் போய் ராணுவம் ஏன் இடம் பிடித்தது?

பிடித்தபோது அது நடு ஊர் இல்லை. 1841 ஜனவரியில் பிரிட்டிஷார் தீவில் இறங்கியபோது அங்கே ஊர் என்று சொல்ல மீனவர் கிராமங்கள்தான் இருந்தன. படைக்கு நல்ல இடத்தை முதலில் ஒதுக்கிக்கொண்டார்கள். வியாபாரிகள் அதற்கு இரண்டு பக்கமும் குடியேறினார்கள். ஊர் வளர வளர, ஓரமாக இருந்தது நடுவாகிவிட்டது. ராணுவம் இதைக் கடைசி வரை சொல்லிக்காட்டியது: நாங்கள் வந்த இடத்திலேயே இருக்கிறோம், நீங்கள்தான் எங்களைச் சுற்றி வந்து வீடு கட்டினீர்கள். நியாயமான வாதம்தான், மறுக்க முடியாது.

கவர்னர் தலைமைத் தளபதியும்தானே? ஓர் உத்தரவு போட்டு முடித்திருக்கலாமே?

பட்டம் அப்படித்தான் இருந்தது. ஹாங்காங் கவர்னர் காலனியின் தலைமைத் தளபதி, போதாததற்குத் துணைக் கடற்படைத் தளபதியும்கூட. ஆனால் ஒரு முகாமின் வேலியைப் பத்தடி தள்ளி வைக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. தரைப்படை நிலம் லண்டனில் இருந்த போர்த்துறையின் சொத்து. டாக்யார்டு, அட்மிரால்டி என்ற கடற்படைத் தலைமையகத்தின் சொத்து. கவர்னருக்கு மேலதிகாரி காலனித் துறை. இந்த மூன்று துறைகளும் தனித்தனி அமைச்சர்களின் கீழ் இருந்தன. மூன்றுக்கும் மேலே பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கருவூலம் உட்கார்ந்திருந்தது.

ஆகவே ஹாங்காங்கில் எதிரெதிர் வீட்டில் இருக்கும் கவர்னரும் ஜெனரலும் ஒரு சாலையை அகலப்படுத்துவது பற்றிப் பேச வேண்டுமென்றால் கடிதம் லண்டனுக்குப் போய், அங்கே நான்கு மேசைகள் ஏறி இறங்கித் திரும்பி வர வேண்டும். இத்தனைக்கும் படைத் தளபதி கவர்னரின் நிர்வாக சபையில் பதவி வழி உறுப்பினர். வாரா வாரம் ஒரே மேசையில் உட்காருகிறவர்கள்.

மக்களுக்கு இதனால் என்ன தொல்லை?

சாலை. மலைப்பக்கம் பாசறை, கடல்பக்கம் டாக்யார்டு, இரண்டுக்கும் இடையே இடுக்கில் ஒரே ஒரு சாலை. இப்போது குவீன்ஸ்வே என்கிறார்கள். சமதளத்தில் நகரத்தின் இரு பகுதிகளை இணைத்தது அது ஒன்றுதான். டிராம், பஸ், லாரி, கைவண்டி எல்லாம் அதிலேயே.

அடுத்தது கடற்கரை. ஹாங்காங்கில் சமநிலம் வேண்டும் என்றால் கடலைத் தூர்த்தால்தான் உண்டு. 1850களில் கவர்னர் ஜான் பௌரிங் கரை நெடுக ஒரு சாலை போட ஆசைப்பட்டார். கடலோர மனைக்காரர்களான வியாபாரிகளே அதை முறியடித்தார்கள். அந்தப் பழியை ராணுவத்தின் மேல் போட முடியாது. ஆனால் 1889இல் பால் சாட்டர் என்ற வியாபாரி முன்னின்று தொடங்கிய பெரிய கடல் தூர்ப்புத் திட்டம் மேற்கிலிருந்து வந்து மரே சாலையோடு நின்றது. அதற்குக் கிழக்கே கடற்படையின் கரை. 1921இல் வான் சாயைத் தூர்க்க ஆரம்பித்தபோது டாக்யார்டைத் தாண்டிய பிறகுதான் தொடங்க முடிந்தது. இடையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடற்படையும் தன் பங்குக்குக் கடலைத் தூர்த்து, டிரை டாக் (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் தொட்டி) ஒன்றைக் கட்டி, டாக்யார்டை இன்னும் பெரிதாக்கிக்கொண்டது. வெளியேறப் போகிறவர்கள் செய்கிற வேலையா அது?

கௌலூன் கைக்கு வந்தபோதாவது கவனமாகப் பிரித்தார்களா?

அங்கேதான் சண்டை இன்னும் பச்சையாக நடந்தது. 1860இல் கௌலூன் முனை பிரிட்டனுக்கு வந்தது. வட சீனப் போருக்குக் கிளம்பிய படை ஏற்கெனவே அங்கே கூடாரம் அடித்திருந்தது. பாதுகாப்புக்காகத்தான் இந்த நிலத்தையே வாங்கினோம், முழுதும் எங்களுக்கு என்றது ராணுவம். தீவில் மூச்சுவிட இடமில்லை, ஊரைப் பெருக்கத்தான் வாங்கினோம் என்றார் கவர்னர் ஹெர்குலிஸ் ராபின்சன். சில வருடம் இழுபறிக்குப் பிறகு நிலத்தைப் பங்கு பிரித்தார்கள். நல்ல பங்குகள் சில படைக்குப் போயின.

படைகளின் செலவை லண்டன்தானே ஏற்றது?

முழுக்க இல்லை. கதையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

1860களின் நடுவிலிருந்து ஹாங்காங் ஆண்டுக்கு 20,000 பவுண்டு ராணுவப் பங்களிப்பாகக் கட்டியது. 1890இல் அது 40,000 ஆனது. பிறகு தொகையாக இல்லாமல் காலனி வருமானத்தில் 17.5 சதவீதம் என்று மாற்றினார்கள். 1901இல் 20 சதவீதம். அதாவது ஊரின் வருமானம் ஏறினால் ராணுவத்தின் பங்கும் தானாக ஏறும்.

ஊர்க்காரர்களின் கோபம் புரிகிறதா? ஊரின் மதிப்புமிக்க நிலத்தை ராணுவம் வைத்திருக்கிறது. அந்த நிலத்தால் அரசுக்கு ஏலப் பணம் இல்லை, குத்தகை இல்லை. அதற்கு மேல் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் அவர்களுக்கே. இத்தனையும் கொடுத்துவிட்டு "கொஞ்சம் தள்ளி இருங்கள்" என்று கேட்டால், தள்ளிப்போகும் செலவும் உன்னுடையது என்று பதில் வருகிறது.

லண்டன் பக்கமும் கணக்கு இருந்தது. காலனி தன் காவலுக்குத் தானே கொடுக்க வேண்டும் என்பது கருவூலத்தின் மாறாத கொள்கை. இப்போதிருக்கும் டாக்யார்டு படைக்குப் போதுமானது. இடம் மாற்றுவதால் லாபம் மனை விற்கப்போகும் காலனி அரசுக்குத்தான். லாபம் யாருக்கோ அவர்களே செலவு செய்யட்டும். எனக்கு இந்த இரண்டு வாதங்களில் காலனியின் வாதம்தான் கனமாகத் தெரிகிறது. ஆனால் பேரத்தில் கனமான வாதத்தைவிட அவசரமில்லாத கைக்குத்தான் பலம். ராணுவத்துக்கு அவசரமே இருந்ததில்லை.

சரி, கடைசியில் டாக்யார்டு எப்படிப் போனது?

கேட்டவர்களுக்காகப் போகவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நகர அமைப்பு வல்லுநர் பேட்ரிக் அபர்குரோம்பியை வரவழைத்தார்கள். 1948இல் வந்த அவருடைய அறிக்கை, படைத்தளங்களை நடு ஊரிலிருந்து எடுக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. அறிக்கை அலமாரியில் இருந்தது. சீனாவிலிருந்து அகதிகள் வந்து குவிந்து மக்கள்தொகை இருபது லட்சத்தைத் தாண்டியது, டாக்யார்டு நகரவில்லை.

1957இல் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் டங்கன் சாண்டிஸ் படைச்செலவை வெட்டினார். அந்த ஆண்டு நவம்பரில், ஹாங்காங் டாக்யார்டை இரண்டு வருடத்தில் மூடுவதாகக் கடற்படையே அறிவித்தது. அரை நூற்றாண்டாகக் கேட்டும் கிடைக்காத இடம், லண்டனில் பட்ஜெட் இடித்ததும் கிடைத்துவிட்டது.

ஆனால் அந்தச் செய்தியில் ஊர் குதூகலிக்கவில்லை. டாக்யார்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள்; பலர் தலைமுறையாக அங்கேயே தொழில் கற்றவர்கள். அவர்களுக்கு மறுவேலை தேடும் பாடு காலனி அரசின் தலையில் விழுந்தது. 1959 இறுதியில் டாக்யார்டு மூடியது. டிரை டாக்கைத் தூர்த்தார்கள். ஹார்கோர்ட் சாலை அந்த நிலத்தின் மேல் வந்தது. 1980இல் திறந்த அட்மிரால்டி மெட்ரோ நிலையம் அந்தப் பழைய டிரை டாக் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள்: கடற்படை டாக்யார்டைத்தான் மூடியது. எச்எம்எஸ் தமார் என்ற தளமும் அதன் சிறு துறைமுகமும் கடலோரத்தில் அப்படியே இருந்தன. அதற்கு இன்னும் முப்பது வருடக் கதை பாக்கி.

காய் டாக் விமான நிலையம் ராணுவத்துடையதா, பொதுமக்களுடையதா?

இரண்டும். சண்டைக்குக் காரணமே அதுதான்.

காய் ஹோ காய், ஆவ் டாக் என்ற இரண்டு ஊர்ப் பிரமுகர்கள் குடியிருப்பு கட்டுவதற்காகக் கடலைத் தூர்த்த நிலம் அது. அவர்கள் பெயரிலிருந்துதான் காய் டாக். திட்டம் நொடித்தது, 1920களின் பின்பாதியில் நிலம் அரசு கைக்குப் போய், விமானப்படையும் பயணிகள் விமானங்களும் சேர்ந்து பயன்படுத்தும் தளமானது. போர்க்காலத்தில் ஜப்பானியர் அதை விரிவாக்கினார்கள். போர் முடிந்ததும் பெரிய விமானங்கள் வரத் தொடங்கின. ஓடுதளமோ குட்டை, சுற்றிலும் மலை. ஓடுதளத்தின் குறுக்கே கிளியர் வாட்டர் பே சாலை ஓடியது. விமானம் வந்தால் நம் ஊர் ரயில்வே கேட் மாதிரி சாலையை மூடிவிடுவார்கள்.

அப்படியானால் புது இடம் பார்க்க வேண்டியதுதானே? பார்த்தார்கள். 1945 கடைசியில், கௌலூனுக்கு வடக்கே நியூ டெரிட்டரிஸ் பகுதியில் பிங் ஷான் என்ற இடத்தில் விமானப்படையின் கட்டுமானப் பிரிவு வேலையைத் தொடங்கியே விட்டது. கிராமத்து மக்கள் எதிர்த்தார்கள், சுற்றியிருந்த மலைகளும் இடம் கொடுக்கவில்லை, 1946இல் கைவிட்டார்கள். பிறகு சீன எல்லையை ஒட்டிய டீப் பே என்ற குடாவின் ஓரத்தில் ஒன்று என்று பேச்சு ஓடியது. அதில்தான் யார் கொடுப்பது என்ற கேள்வி முழு உருவத்தில் எழுந்தது. கண்டம் விட்டுக் கண்டம் போகும் பிரிட்டிஷ் விமானங்களுக்கும் படைக்கும் தேவைப்படுகிற நிலையம், ஆகவே லண்டன் பெரும்பங்கு தர வேண்டும் என்றது ஹாங்காங். உங்கள் வியாபாரத்துக்குத்தான் விமான நிலையம் என்றது லண்டன். 1949இல் சீனாவில் ஆட்சி மாறியதும் எல்லைக்குப் பக்கத்தில் அவ்வளவு பணத்தைப் போடும் தைரியம் இரண்டு தரப்புக்குமே போய்விட்டது.

கடைசியில் இடம் மாறவில்லை, ஓடுதளம் மட்டும் திசை மாறியது. கௌலூன் குடாவுக்குள் மண் கொட்டி, கடல் நடுவே சுமார் 2,500 மீட்டர் நீளத்துக்கு ஒரு புது ஓடுதளம். 1958 செப்டம்பரில் திறந்தார்கள். லண்டனின் பங்கு 30 லட்சம் பவுண்டு வட்டியில்லாக் கடன். கடன்தான், மானியம் இல்லை. ஹாங்காங் தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும். விமானப்படை அதற்குப் பிறகும் தன் மூலையைக் காலி செய்யாமல் இருந்து, 1978இல்தான் முழுதாக நியூ டெரிட்டரிஸில் உள்ள ஷெக் காங் தளத்துக்குப் போனது.

1970களில் மட்டும் எப்படி வேகமாக நிலம் திரும்பியது?

பேரத்தின் தராசு சாய்ந்ததால். பிரிட்டன் கிழக்கிலிருந்து படைகளைக் குறைத்துக்கொண்டிருந்தது, கையில் பணமும் இல்லை. ஹாங்காங்கிடம் பணம் இருந்தது. 1975 டிசம்பரில் ஏழாண்டு ஒப்பந்தம் ஒன்று போட்டார்கள். படைச்செலவில் ஹாங்காங்கின் பங்கு முதல் ஆண்டு 50 சதவீதம், அடுத்து 62.5, மூன்றாம் ஆண்டிலிருந்து 75. பதிலுக்குப் படைக்குத் தேவையில்லாத நிலம் காலனி அரசிடம் வந்து சேரும்.

விக்டோரியா பாசறை இப்படித்தான் விடுபட்டது. படைத் தலைமையகம் தங்குவதற்கு, கடலோரத் தமார் தளத்தில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கட்டடம் எழுந்தது. கவிழ்த்து வைத்த பாட்டில் போன்ற அந்தக் கோபுரத்தைத் துறைமுகப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 1979இல் தலைமையகம் கீழே இறங்கியது, பாசறை நிலம் அரசிடம் வந்தது. பசிபிக் பிளேஸ் வளாகமும், 1991இல் திறந்த ஹாங்காங் பூங்காவும் அந்த நிலத்தில்தான் உள்ளன. புது வீட்டைக் கட்டிக் கையில் சாவியைக் கொடு, பழைய வீட்டைக் காலி செய்கிறேன் என்ற முறை இதில் உறுதிப்பட்டுவிட்டது.

கௌலூன் பள்ளிவாசலும் இந்தக் கதையில் வருமா?

வரும். ஹாங்காங்கில் இருக்கும் தமிழ் முஸ்லிம்களுக்கு நன்கு தெரிந்த நாதன் சாலைப் பள்ளிவாசல், 1896இல் விட்ஃபீல்டு பாசறையின் இந்திய முஸ்லிம் வீரர்களுக்காகக் கட்டியது. பாசறை போய் அந்த நிலம் 1970இல் கௌலூன் பூங்கா ஆனது. பள்ளி மட்டும் நின்றது. 1970களின் இறுதியில் சுரங்க ரயில் வேலையில் கட்டடம் பழுதாகிவிட்டது. ரயில் நிறுவனம் கொடுத்த ஈட்டுத்தொகையோடு சமூகத்தாரின் நன்கொடையும் சேர்ந்து இன்றைய பள்ளி 1984இல் எழுந்தது. இங்கே மட்டும் பாதிக்கப்பட்டவர்களும் கைப்பணம் போட வேண்டியிருந்தது.

மரே மாளிகையைக் கல் கல்லாகப் பெயர்த்தார்களாமே?

ஆமாம். 1840களில் கட்டிய ராணுவ அதிகாரிகள் குடியிருப்பு. அந்த இடம் சீன வங்கிக் கோபுரத்துக்குத் தேவைப்பட்டதால் 1982இல் பிரித்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களுக்கு எண் போட்டுக் கிடங்கில் வைத்தார்கள். பின்னர் அரசின் வீட்டுவசதித் துறை ஸ்டான்லி கடற்கரையில் அதை மறுபடி எழுப்பியது. அந்தக் கட்டத்தில் அது அரசுக் கட்டடம் என்பதால் பேரம் பேச எதிரே ஆள் இல்லை.

1997இல் ஹாங்காங் சீனாவிடம் போவதற்கு முன் அந்நாட்டோடு நடந்த பேச்சில் இதற்கென்ன இடம்?

பெரிய இடம். பிரிட்டிஷ் படையின் கையில் அப்போது 39 தளங்கள் இருந்தன. எல்லாவற்றையும் சீனப் படைக்குக் கொடுப்பதா, ஊருக்குத் திருப்புவதா? பல வருடம் பேசி 1994 ஜூன் 30இல் முடிவுக்கு வந்தார்கள். 14 தளங்கள் சீனப் படைக்கு, 25 தளங்கள் ஊர் வளர்ச்சிக்கு.

அந்த 25 இலவசமாக வரவில்லை. விட்டுக்கொடுக்கும் வசதிகள் சிலவற்றுக்கு ஈடாக ஹாங்காங் அரசு தன் செலவில் புதிதாகக் கட்டித் தர வேண்டும் என்பது நிபந்தனை. அதில் பெரியது ஸ்டோன்கட்டர்ஸ் தீவின் தென்கரையில் ஒரு கடற்படைத் தளம். நடு ஊரின் தமார் துறைமுகத்துக்கு ஈடு அது. கௌலூனில் கன் கிளப் ஹில் பாசறைக்குள் ஒரு ராணுவ மருத்துவமனையும் கட்ட வேண்டியிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், காலி செய்தவன் ஒருவன், புது வீட்டுக்குக் குடிவருபவன் இன்னொருவன், கட்டிக்கொடுத்தது வழக்கம்போல ஹாங்காங். தமார் துறைமுகத்தைத் தூர்த்த நிலம் பத்து வருடத்துக்கும் மேல் பெரும்பாலும் காலியாகக் கிடந்து, 2011இல்தான் அரசுத் தலைமைச் செயலகம் அங்கே வந்தது.

சென்ட்ரல் கடலோரத்தில் "ராணுவப் படகுத்துறை" என்று சர்ச்சை வந்ததே, அது இதுதானா?

இதன் வால். 1994 ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கட்டடத்துக்கு அருகே கடலோரத்தில் 150 மீட்டரைப் படகுத்துறைக்காக விட்டுவைக்க வேண்டும். 2003க்குப் பிறகு அங்கே மறுபடி கடலைத் தூர்த்தபோது புதுக்கரையில் அந்த 150 மீட்டர் ஒதுக்கீடும் சேர்ந்தே நகர்ந்தது. கரை நெடுக உலாவும் பாதை வரும் என்று நம்பியிருந்த மக்கள், நடுவில் ராணுவ மண்டலம் என்று வரைபடத்தில் கண்டதும் கொதித்தார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்சேபங்கள் போயின. 2014இல் நகரத் திட்டக் குழு அதை அப்படியே ஏற்றது. 2020இல் படகுத்துறை சீனப் படையின் கைக்குப் போனது. படை பயன்படுத்தாத நேரத்தில் மக்களுக்குத் திறந்திருக்கும் என்பதுதான் கிடைத்த சமாதானம்.

மக்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் இதைத் திடீர்ச் சதி என்று எழுதியவர்கள் 1994 தாளைப் படித்திருக்கவில்லை.

இப்போது ஏதாவது ராணுவ நிலம் ஊருக்குத் தேவைப்பட்டால் என்ன நடைமுறை?

படைச்செலவு இப்போது பெய்ஜிங்குடையது. ஹாங்காங் அடிப்படைச் சட்டமே அப்படிச் சொல்கிறது. 20 சதவீதம், 75 சதவீதக் கணக்கெல்லாம் முடிந்துவிட்டது. நிலத்துக்கு 1996இல் இயற்றிய காவற்படைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பாதுகாப்புக்கு வேண்டாத நிலத்தைப் படை ஹாங்காங் அரசிடம் ஈட்டுத்தொகை எதுவும் வாங்காமல் ஒப்படைக்க வேண்டும். ஆனால் படை பயன்படுத்திக்கொண்டிருக்கும் நிலத்தைப் பொதுக்காரியத்துக்கு அரசு கேட்டால், முதலில் பெய்ஜிங்கின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கிடைத்தால் பெய்ஜிங் ஏற்கும் இடத்தில் மாற்று நிலமும் மாற்றுக் கட்டடங்களும் ஹாங்காங் அரசு தர வேண்டும். செலவு முழுவதும் அரசுடையது.